புதுச் செங்கல்

ஊல்போசின் என்ற பெயருக்கு ‘ஆண் பிறக்கட்டும்’ என்று அர்த்தம். நான்காவதும் பெண்ணாகப் போன எரிச்சலில் அவள் அப்பா வைத்த பெயர் அது. வேண்டுதல் பலிக்கவில்லை; அவளுக்குப் பிறகும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். யார் கூப்பிட்டாலும் ‘நீ வேண்டாம், வேறொருத்தன் வரட்டும்’ என்று சொல்வது போன்ற ஒரு பெயரைச் சுமந்துகொண்டு ஐம்பது வயதைத் தாண்டியவள், மனிதர்களிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்க மாட்டாள். எதிர்பார்க்காததால் அவர்களை நன்றாகக் கவனித்தாள். கவனித்ததை வெளியில் சொல்லும் பழக்கம்தான் கிடையாது. நாலு பேர் கூடினால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அவள் கணவன் ஓராஸ்பெக், வீரர் தாஸ்புலாத்தின் நேர் வாரிசு. சொத்தாக அவன் விட்டுப் போனது அந்த வீரரின் சமாதிச் சாவி ஒன்றுதான். ஊருக்கு வெளியே, புல்வெளியில் தனியாக நிற்கும் சுட்ட செங்கல் மண்டபம். கூம்புத் தலை, இடுப்பளவு தடித்த சுவர், குனிந்து நுழைய வேண்டிய வாசல். ஓராஸ்பெக் போன பிறகு கூட்டுவதும் பெருக்குவதும் வெள்ளிக்கிழமை அப்பம் பொரித்து வைப்பதும் அவள் வேலையாயிற்று.

தூர ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். மகன் வேண்டும் என்று ஒருத்தி, வழக்கு ஜெயிக்க வேண்டும் என்று ஒருத்தன், வழக்கில் எதிர்த்தரப்புக்காரனும் மறுவாரமே. வாசல் மரத்தில் துணி கட்டி அழுவார்கள். அவர்களுடைய கார் மறைந்ததும் ஊல்போசின் நல்ல துணியாகப் பார்த்து அவிழ்த்து, தரை துடைக்க வைத்துக்கொள்வாள். பிள்ளை வரம் கேட்டு வந்த ஒருத்தி அவள் பெயரைக் கேட்டுவிட்டுக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “அக்கா, உங்க பேரே நல்ல சகுனம்.” ஊல்போசின் தன் அப்பாவுக்குப் பிறந்த ஆறு பெண்களையும் நினைத்துக்கொண்டு, “ஆமாம்மா” என்றாள்.

தாஸ்புலாத்தைப் பற்றியும் அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது. மாமியார் மாவு பிசைந்துகொண்டே சொல்லியிருந்தாள். பக்கத்துக் குலத்தாரின் குதிரை மந்தையை ஓட்டிவருவதில் அவரை மிஞ்ச ஆளில்லையாம். அந்தக் காலத்தில் நாம் ஓட்டிவந்தால் வீரம், அவர்கள் ஓட்டிப்போனால் திருட்டு. கடைசியில் அப்படி ஓட்டிவந்த பொலிகுதிரை ஒன்று, வீட்டு வாசலிலேயே அவரைத் தூக்கி எறிந்து கழுத்தை முறித்துவிட்டது. அவர் பெண்டாட்டி கலாம்பிர் மந்தை முழுவதையும் விற்று, தெற்கிலிருந்து சூளைக்காரர்களை வரவழைத்து, இந்த மண்டபத்தை எழுப்பினாள்.

“சுவரு ஏன் இவ்வளவு கனம்னு நினைக்கிற?” என்று மாமியார் கேட்டாள். “மனுசன் மறுபடி எந்திரிச்சு வந்துறக் கூடாதுன்னுதான்.”

ஊல்போசினுக்கு ஒரே மகள், குன்சுலு. ரயிலடிப் பக்கத்து ரொட்டி அடுப்பில் வேலை. அவளைப் பெண் கேட்டு வந்தவன் சபர்காலியின் மகன் ஐபார். தானியக் கிடங்கில் மோட்டார் பழுது பார்ப்பவன். நெட்டை உடம்பு, கொஞ்சப் பேச்சு. அவனிடம் குறை சொல்ல ஊல்போசினுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ரொம்ப நாள் தேடித்தான் பார்த்தாள். வசந்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து குன்சுலு காதில் தோடு போட்டுவிட்டுப் போனார்கள். ஆடு கொழுத்ததும், இலையுதிர் காலத்தில் சம்பந்திகள் உட்கார்ந்து ஈரலும் வால்கொழுப்பும் ஊட்டிக்கொண்டால் பேச்சு உறுதி. அதன் பின் யாரும் பின்வாங்க முடியாது.

குறை எல்லாம் அப்பன்காரனிடம் இருந்தது. சபர்காலி ரோடு போடும் காண்டிராக்டர். அவன் போட்ட ரோடும் பனியும் ஒரே மாதத்தில் கரையும். ஆனால் வீடு இரண்டு மாடி, ஜீப் வெள்ளை, தொப்பை முதல் தரம். ஒன்றே ஒன்றுதான் இல்லை: பாட்டன்கள். எங்களில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஏழு தலைமுறைப் பெயர் சொல்லத் தெரியும். சபர்காலியின் தாத்தா எங்கிருந்தோ ஒற்றை ஆளாக ஆடு மேய்க்க வந்தவர். வேறு குலம் என்பது தெரியும், அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. மூன்றாவது பெயரோடு சபர்காலி நின்றுபோவான். கல்யாண வீடுகளில் குலம் கோத்திரம் பேச்சு வந்தால் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான்.

அதனால் அவன் ஒரு பாட்டனை வாங்கத் தீர்மானித்தான்.

நகரத்திலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்தார். சபர்காலி வீட்டில் ஒரு மாதம் தங்கிக் குதிரைக்கறி தின்றார். தின்ற கறிக்கு வஞ்சகம் செய்யாமல், தாஸ்புலாத்துக்கு நான்காவதாக ஒரு மகன் இருந்ததாகவும், அவன் கோபித்துக்கொண்டு வடக்கே போனதாகவும், சபர்காலி அவனுடைய நேர் வாரிசு என்றும் கண்டுபிடித்தார். கோடையில் வீரருக்கு நினைவு விருந்து, குதிரைப் பந்தயம், மல்யுத்தம், சமாதிச் சுவரில் கல்வெட்டு எல்லாம் ஏற்பாடாயின.

விருந்துக்கு முந்தின நாள் கல் வந்தது. கண்ணாடிபோல வழவழத்த கறுப்புக் கல். எந்திரத்தால் செங்கல்லைக் குடைந்து, நாலு மூலையிலும் திருகாணி முடுக்கினார்கள். கலாம்பிர் காலத்திலிருந்து காற்றுக்கும் பனிக்கும் அசையாத சுவர், பொடிப்பொடியாகச் சிவப்பு மண்ணைக் கொட்டியது. வேலைக்காரர்கள் போனதும் ஊல்போசின் ஈரத் துணியால் கல்லைத் துடைத்தாள். துடைக்கும்போது படித்தாள். தாஸ்புலாத்தில் தொடங்கிப் பெயர்கள் கீழே இறங்கி, சபர்காலி, அவன் மகன் ஐபார் என்று தங்க எழுத்தில் முடிந்தன.

அவள் விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். ஓராஸ்பெக்கும் சபர்காலியும் ஒரே படியில் வந்து நின்றார்கள்: அண்ணன் தம்பி முறை. அப்படியானால் குன்சுலுவும் ஐபாரும்?

துணி கையிலிருந்து விழுந்தது. அப்பன் வழியில் ஏழு தலைமுறைக்குள் பங்காளியாகிவிட்டால் கல்யாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த முட்டாள், தன் மகனுக்குப் பார்த்த பெண்ணைத் தங்கச்சியாக்கிக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான்.

கூடாரம் அடிப்பதை மேற்பார்த்துக்கொண்டிருந்த சபர்காலியிடம் போனாள். அவள் தானாகப் போய்ப் பேசியது அதுவே முதல் தடவை.

“சம்பந்தி, அந்தக் கல்லுல இருக்கற பேரு...”

“பளபளன்னு இருக்கில்ல? துருக்கிக் கல்லு சம்பந்தி.”

“இல்ல, முறை ஒண்ணு இடிக்குது.”

“எதுவும் இடிக்காது. அளவெடுத்துதான் வெட்டுனது. நீங்க தூசி மட்டும் தட்டுங்க, மத்ததைப் படிச்சவங்க பாத்துக்குவாங்க.”

அவள் திரும்பி நடந்தாள். சொல்லாமல் விட்டுவிட்டோம் என்ற குறை இல்லை. கேட்காமல் விட்டது அவன்.

மறுநாள் ஜனம் வந்து குவிந்தது. வெள்ளைக் கூடாரங்கள் வரிசையாக நின்றன. குதிரைப் பாலை அண்டாவில் ஊற்றிக் கலக்கினார்கள். ஆராய்ச்சிக்காரர் ஒலிபெருக்கியில் பேசினார். அந்நாளில் புல்வெளியைச் சூறையாடிய ஜுங்கார்ப் படையைத் தாஸ்புலாத் தனியாளாக விரட்டினார் என்றார். ஜுங்கார்கள் ஒழிந்த பிறகுதான் தாஸ்புலாத்தே பிறந்தார் என்பது கூடாரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் கறி வெந்துகொண்டிருந்தது, யாரும் குறுக்கே பேசவில்லை. கல்லை மூடியிருந்த திரையை விலக்கிப் பெயர்களை வாசித்தார்கள். சபர்காலி தன் பெயர் வந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மரியாதைத் தலையாக, வேகவைத்த ஆட்டுத்தலை கிழவர் காஷ்கின்பாயின் முன்னே வைக்கப்பட்டிருந்தது. ஊரிலேயே மூத்தவர், காது மந்தம், பல் திடம். ஆட்டுக் காது ஒன்றை அறுத்து வாயில் போட்டவர், மெல்லுவதை நிறுத்தினார்.

“ஏப்பா சபர்காலி. அப்போ நீ தாஸ்புலாத் வழியா?”

“ஆமா தாத்தா. நேர் வழி.”

“ஓராஸ்பெக்கும் தாஸ்புலாத் வழி.”

“ஆமா தாத்தா.”

கிழவர் கொழுப்பு ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். கூடாரமே அந்த விரல்களைப் பார்த்தது. “அப்போ உன் பையன் அவன் மகளுக்கு அண்ணன். தோடு போட்டீங்களே, அதைக் கழட்டிருங்க. அண்ணன் போட்ட தோடுன்னு வேணா வச்சுக்கட்டும்.” மறுபடி மெல்லத் தொடங்கினார்.

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கிய சத்தம் கேட்டது. சபர்காலி சிரித்துப் பார்த்தான். “தாத்தா, அது வேற, இது வேற. இது சரித்திரம்.”

“ரத்தத்துல வேற வேறன்னு இருக்கா?” என்றார் கிழவர். “ஒண்ணு கல்லு, இல்ல பொண்ணு. ரெண்டையும் தின்ன முடியாது.”

குன்சுலு அப்பத் தட்டோடு நின்றவள், தட்டைக் கீழே வைக்காமலே வெளியே போனாள். ஐபார் அவள் பின்னால் போனான். கொஞ்ச நேரத்தில் அவன் மட்டும் வந்து அப்பாவிடம் குனிந்து சொன்னது ஊல்போசின் காதில் விழுந்தது. “கல்லைக் கழட்டுங்கப்பா.”

“உனக்குப் பொண்ணு வேற கிடைக்கும்டா. எனக்குப் பாட்டன் வேற எங்க கிடைப்பான்?”

சாயங்காலம் சபர்காலி ஊல்போசின் வீட்டு அடுப்படிக்கே வந்தான். வரும்போது ஒரு பெட்டி இனிப்பு கொண்டுவந்தான். தேநீரை ஊதி ஊதிக் குடித்தான். அவள் மூன்றாவது கிண்ணத்தை ஊற்றும்வரை ரோட்டைப் பற்றிப் பேசினான்.

“சம்பந்தி, ஒரு வழி இருக்கு. உங்க வீட்டுக்காரரோட தாத்தா வளப்புப் பிள்ளைன்னு அந்தக் காலத்துல ஒரு பேச்சு இருந்துச்சாமே.”

“யாரு சொன்னது?”

“ஆராய்ச்சியில அப்படியும் ஒரு கருத்து வரலாமாம். நீங்க ‘ஆமா, கேள்விப்பட்டிருக்கேன்’னு ஒரு வார்த்தை கிழவர்கிட்ட சொன்னாப் போதும். கல்லும் இருக்கும், கல்யாணமும் நடக்கும். நீங்க வெளிக் குலத்துல இருந்து வந்தவங்கதானே, தாஸ்புலாத் உங்களுக்கு என்ன ஒட்டா உறவா?”

அது உண்மைதான். அந்தக் குதிரைத் திருடர் அவளுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அவர் காலடியில் கூட்டியது அவள் கை. அந்தச் சுவருக்கு வெளியே படுத்திருப்பவன் அவள் கணவன். செத்தவனை, தன் தாத்தாவிடமிருந்து பிடுங்கி அநாதையாக்கி, அந்த இடத்தில் இந்தத் தொப்பை உட்கார வேண்டுமாம். அதற்கு ஒரு பெட்டி இனிப்பு.

அவள் கிண்ணங்களை எடுத்துக் கழுவப் போட்டாள். அவன் போனதும் குன்சுலு கதவருகே வந்து நின்றாள். தோடு இன்னும் காதில் இருந்தது.

“அம்மா, நான் அவனைத்தான் கட்டுவேன். ஆனா அதுக்காக அப்பாவோட தாத்தாவைப் பொய்யாக்கிட்டு வராதே. அப்படி ஒரு கல்யாணம் எனக்கு வேண்டாம்.”

“சரி” என்றாள் ஊல்போசின். இனிப்புப் பெட்டியை எடுத்து மாட்டுத் தவிட்டோடு கலந்து வைத்தாள்.

மறுநாள் பந்தயம். ஊரே திடலில் இருந்தது. சபர்காலி மேடை விரிப்பில், பட்டு அங்கி போர்த்தி, புதிதாகக் கிடைத்த வம்சத்தின் தலைவனாக உட்கார்ந்திருந்தான். ஊல்போசின் மரக்கிண்ணத்தில் குதிரைப் பாலை எடுத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்தாள். கிண்ணம் தளும்பி விரலில் வழிந்தது. அவள் எங்கே போகிறாள் என்று ஜனம் பார்த்தது. நாலு பேர் நடுவே நடந்து போகிறவள் அல்லவே அவள்.

சபர்காலியின் முன்னே போய், வலது முழங்காலில் கை வைத்து, புகுந்த வீட்டு மூத்தவருக்கு மருமகள் குனிவது போல ஆழக் குனிந்தாள்.

“மூத்தாரே, குடிங்க.”

கிண்ணத்தை வாங்கியவன் விழித்தான். “என்ன சம்பந்தி இது, மூத்தார் கீத்தார்னு.”

“புருசனோட அண்ணனை வேற எப்படிக் கூப்பிடறது?” அவள் குரல் சன்னமாகத்தான் வந்தது. அதனாலேயே சுற்றியிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தார்கள். “புகுந்த வீட்டுப் பெரியவங்க பேரை மருமக வாயால சொல்லக் கூடாது. நானா ஒரு பேரு வச்சுத்தான் கூப்பிடணும். பழைய சுவத்துல புதுசா வந்து ஒட்டுனவரு நீங்க. புதுச் செங்கல் மூத்தார்னு வச்சிருக்கேன்.”

திடல் சிரித்தது. கிழவர் காஷ்கின்பாய்க்குப் பக்கத்தில் இருந்தவன் காதில் கத்திச் சொன்னான்; அவர் இன்னொரு தடவை தனியாகச் சிரித்தார். மருமகள் வைத்த பெயர் எங்களில் அழியாது. பட்டயத்தில் எழுதியது போல.

ஊல்போசின் நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னாள். “அவரு போனதுல இருந்து எங்க வீட்டுக்கு மூத்த ஆம்பளை இல்லாம இருந்துச்சு. இனி நீங்க இருக்கீங்க. உங்க பையன் அண்ணனாயிட்டான். அதனால குன்சுலுவுக்கு வேற இடம் பாத்து, சீர் செஞ்சு அனுப்பறது உங்க பொறுப்பு. குளிர்காலக் கறிக்கு ஒரு குதிரை அறுத்துப் போடணும். கூரையும் ஒழுகுது மூத்தாரே.”

சபர்காலி வாயைத் திறப்பதற்குள் குர்மான் எழுந்தான். தாஸ்புலாத் வழியில் வந்தவர்களில் அவன்தான் பெரிய சோம்பேறி. புதிதாகச் சேர்ந்த பங்காளியிடம் ஒரு பொருளை வாய்விட்டுக் கேட்டால், இல்லை என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதை நேற்றே நினைத்துக்கொள்ளாமல் போனோமே என்ற துக்கம் குர்மான் முகத்தில் தெரிந்தது.

“அண்ணே. நான் அதிகமா கேக்கல. அந்த வெள்ளை ஜீப்பு.”

“டேய், நீ யாருடா?”

“கல்லைப் பாருண்ணே. ரெண்டாவது மகன் வழி நானு. நீ நாலாவது. அண்ணேன்னு கூப்பிடறதே மரியாதைக்குத்தான், முறைப்படி நீதான் என்னைக் கூப்பிடணும்.”

குர்மானுக்குப் பின்னால் ஒரு வரிசை உருவாகிவிட்டது. ஒருத்திக்கு மகனை நகரத்தில் படிக்க வைக்க வேண்டும். ஒருத்தருக்குப் பல் கட்ட வேண்டும். ஒருத்தருக்கு வேண்டியது ஒன்றுமில்லை, ஆனால் கேட்காமல் விட்டால் வம்சத்துக்கே அவமானம் என்று ஒரு பசு கேட்டார். எல்லோரும் ‘அண்ணே’, ‘சித்தப்பா’, ‘பேரா’ என்று உருகினார்கள். இவ்வளவு நாள் அவனை ‘தார்க்காரன்’ என்று கூப்பிட்டவர்கள். பாட்டன் ஒருவர்தான் வேண்டும் என்று நினைத்தவனுக்கு, பாட்டன் தன் பேரன்களையெல்லாம் இழுத்துக்கொண்டுதான் வருவார் என்று தோன்றவில்லை.

பந்தயக் குதிரைகள் கண்ணில் படும் முன்பே சபர்காலி ஜீப்பை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனான். ஓட்டுநர் இருக்கையில் குர்மான் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

மதியம் ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. சபர்காலி தொண்டையைச் செருமினான். ஆராய்ச்சியில் சிறிய பிழை நேர்ந்துவிட்டதாம். அந்த நான்காவது மகன் வேறொரு தாஸ்புலாத்தின் மகனாம். தன் தாத்தா வேறு குலத்தவர்தானாம். அதில் தனக்கு எந்த வெட்கமும் இல்லையாம். வெட்கமில்லை என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. ஆராய்ச்சிக்காரர், வாயில் அப்பத்தோடு, தலையை ஆட்டினார். ஆராய்ச்சி என்பது நாளுக்கு நாள் திருந்திக்கொண்டே போவது என்று விளக்கமும் கொடுத்துவிட்டு, அன்றைய ரயிலிலேயே நகரத்துக்குத் திருந்திப் போனார்.

“அப்போ ஜீப்பு?” என்று கேட்டான் குர்மான்.

கல்லை ஐபார்தான் கழற்றினான். குன்சுலு ஏணியைப் பிடித்துக்கொண்டாள். செங்கல் சுவரில் நாலு ஓட்டைகள் மிஞ்சின. ஊல்போசின் ஆற்று மண்ணைக் குழைத்து அடைத்துப் பார்த்தாள், நிறம் சேரவில்லை. அப்படியே விட்டாள். துணி கட்ட வருகிறவர்கள் இப்போது அந்த ஓட்டைகளில் விரலை வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். ஜுங்கார் அம்பு பட்ட தடம் என்று அவர்களுக்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் மறுத்துப் பேசுவதில்லை.

ஆடு கொழுத்ததும் சம்பந்திகள் வந்தார்கள். ஓராஸ்பெக்கின் வீடு, பழைய விரிப்பு, ஒழுகிய கூரையில் புதுத் தகடு. அதை ஐபார் வந்து போட்டிருந்தான். சபர்காலி சுவரோரம் குறுகி உட்கார்ந்தான். வாசலில் விளையாடிய வாண்டுகள் அவன் வந்து இறங்கும்போதே, “புதுச் செங்கல் வந்தாச்சு” என்று உள்ளே செய்தி சொல்லிவிட்டு ஓடியிருந்தன.

தட்டில் ஈரலும் வால்கொழுப்பும் வந்தன. பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஊட்ட வேண்டும். அவன் மறுக்கக் கூடாது, மென்று விழுங்க வேண்டும். ஊல்போசின் தட்டை நிதானமாகப் பார்த்து, உள்ளதிலேயே பெரிய கொழுப்புத் துண்டாக எடுத்தாள்.

“சம்பந்தி, அது கொஞ்சம் பெருசா...”

“வாயைத் திறங்க சம்பந்தி” என்றாள்.

துண்டு முழுவதும் உள்ளே போயிற்று. கன்னம் இரண்டும் உப்ப, மோவாயில் கொழுப்பு வழிய, அவன் பேச முடியாமல் மென்றுகொண்டே இருந்தான். விழுங்கி முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, கண் எடுக்காமல் கவனித்தாள்.